பதினெட்டு மில்லிமீட்டர்

ஸ்பிரிங்காரர் முதலில் வண்டிக்குக் கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. பட்டறைத் தரையில் சமமான இடம் எது என்று கண்டுபிடித்து, நான்கு சக்கரங்களுக்கும் நான்கு கட்டம் வரைந்து வைத்திருந்தார். வண்டியை அதற்குள் நிறுத்தச் சொன்னார். டயர்களில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். அவளை இறங்கி நிற்கச் சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து இரும்பு டேப்பை இழுத்து, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்தும் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்தார். நான்கு எண்களையும் ஒரு அட்டையில் எழுதினார். முன்பக்கத்தை மட்டும் மறுபடி அளந்தார்.

“பின்னாடி ரெண்டும் சமம். முன்னாடி இடது பக்கம் பதினெட்டு மில்லி இறங்கியிருக்கு,” என்றார்.

வேறு யாராக இருந்தாலும் பதினெட்டு மில்லிமீட்டரை ஒரு பொருட்டாக நினைத்திருக்க மாட்டார்கள். அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டி ஃபிரேமில் பொருத்துகிறவள். லென்ஸின் மையம் இரண்டு மில்லி தள்ளிப் போனால், போட்டுக்கொண்டவர் மறுநாளே தலையைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார். பதினெட்டு என்பது அவள் தொழிலில் கேள்விப்படாத பிழை.

வண்டி அவள் கணவனுடையது. அவன் வானிலை அலுவலகத்தில் வேலை பார்த்தான். மலைமேல் ஐந்து இடங்களில் மழையையும் காற்றையும் அளக்கும் கருவிகள் இருந்தன. வாரம் மூன்று நாள் ஏறிப் போய், மழை பிடிக்கும் புனலில் விழுந்த சருகை அள்ளி, பேட்டரி மாற்றி, பழுது இருந்தால் பார்த்துவிட்டு இறங்குவது அவன் வேலை. பாதை என்று சொல்லிக்கொள்ள அங்கே ஒன்றும் கிடையாது; பாறையும் மழை அறுத்த பள்ளமும்தான். வண்டியின் வயிறு இடித்து இடித்து அடித்தகடு சப்பிப் போயிருந்தது. இரண்டு அங்குலம் தூக்கிக் கொடுக்கும் ஸ்பிரிங் போட்டால்தான் இனி ஓட்ட முடியும் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். இந்த வாரம் கருவிகளை ரயிலில் தலைமை அலுவலகத்துக்கு எடுத்துப் போய்ச் சரிபார்க்க வேண்டியிருந்ததால் வண்டி வீட்டில் நின்றது. அளவு கொடுத்து, எந்த ஸ்பிரிங் என்று முடிவு செய்துவிட்டு வரும்படி அவளிடம் ஒரு சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

ஸ்பிரிங்காரர் சீட்டை வாய்விட்டுப் படித்தார். முன்னால், சிக்கிய வண்டியைக் கம்பியால் இழுக்கும் வின்ச். பின்னால் பேட்டரி இரண்டு, கருவிப்பெட்டி. மேலே ஏணி. ஆள் ஒருவர்.

“ஒருத்தர்தானா?”

அவர் மட்டும்தான் போவார் என்று அவள் சொன்னாள். வெளியாட்களை ஏற்றக் கூடாது என்பது அலுவலக விதி என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

“ஒருத்தர்னா ஸ்டியரிங் பக்கம்தானே உக்காருவார். வண்டி தாழ்ந்தா வலது பக்கம்ல தாழணும்.” இதை அவர் கையிலிருந்த டேப்பிடம் சொல்வது போலச் சொன்னார். பிறகு நிமிர்ந்தார். “இடது பக்கம் வழக்கமா யாராவது உக்கார்றாங்களா? கொஞ்சம் கனமான ஆளா?”

இல்லை என்றாள். சொன்ன வேகம் அவளுக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

அவர் அதைக் கண்டுகொள்ளாமல் சுவரோரமாக அடுக்கியிருந்த ஸ்பிரிங்குகளிடம் அழைத்துப் போனார். எல்லாமே கறுப்பு; அடிவளையத்தில் மட்டும் வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று புள்ளி வைத்திருந்தது. மூன்றும் வண்டியை அதே இரண்டு அங்குலம்தான் தூக்கும். ஆனால் வெள்ளை வெறும் வண்டிக்கு, மஞ்சள் வின்ச் போட்ட வண்டிக்கு, சிவப்பு அதற்கு மேலும் நூறு கிலோ எப்போதும் சுமக்கிற வண்டிக்கு. உயரம் வேறு, கனம் வேறு என்று விளக்கினார். தேவைக்கு மேல் கெட்டியாகப் போட்டால் வண்டி குதிக்கும், இறக்கத்தில் சக்கரம் தரையைப் பிடிக்காது. மெத்தென்று போட்டால் ஒரே மழைக்காலத்தில் உட்கார்ந்துவிடும். அதனால் உண்மையான எடை தெரியாமல் தான் பெட்டியைப் பிரிப்பதே இல்லை என்றார். ஒருவர் கூடாரம் மட்டும்தான் ஏற்றுவேன் என்று சத்தியம் பண்ணிவிட்டுப் போய், அடுத்த மாதம் ஒரு ஃபிரிட்ஜோடும் மாமியாரோடும் வந்து, ஸ்பிரிங் சரியில்லை என்று சண்டை போட்டாராம்.

அவள் மஞ்சளைச் சொல்லிவிட்டு வந்தாள். ஒருவர், வின்ச். கணக்குச் சரியாக இருந்தது. வண்டிதான் சரியாக இல்லை.

வீட்டு வாசலில் நிறுத்திய பிறகு அவள் இறங்கவில்லை. இடது இருக்கையைப் பார்த்தாள். அது கடைசி வரை பின்னால் தள்ளியிருந்தது. அந்த இருக்கையில் அவள் உட்கார்ந்து மூன்று மாதமிருக்கும். அவளுக்குக் கால் குட்டை, எப்போதும் முன்னால் இழுத்துப் போட்டுத்தான் உட்காருவாள். காலடி விரிப்பில் குதிகால் படும் இடம் இரண்டும் தேய்ந்து பளபளத்தன. வெயில் மறைக்கும் தட்டு கீழே இறக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் இருக்கலாம். கருவிப்பெட்டியை முன்னால் வைக்க இருக்கையைத் தள்ளியிருக்கலாம். பெட்டிக்குக் குதிகால் கிடையாது என்பதுதான் இடித்தது.

இருக்கைக்கும் நடுப்பெட்டிக்கும் இடையே விரலை விட்டுத் துழாவினாள். மணல், ஒரு மிட்டாய்த் தாள், அப்புறம் வழுவழுவென்று சின்னதாக ஒன்று. எடுத்துப் பார்க்காமலே என்னவென்று தெரிந்துவிட்டது. தினம் நூறு தடவை கைபடுகிற பொருள். மூக்குக்கண்ணாடியில் மூக்கின் மேல் பதிகிற சிலிக்கான் பட்டை. உலோக ஃபிரேமில் அழுத்திப் பொருத்துகிற வகை. ஆணும் போடுவான், பெண்ணும் போடுவாள். ஓரம் மஞ்சள் பூத்திருந்தது. ஒரு வருஷமாவது யாரோ வியர்வையோடு போட்டிருக்கிறார்கள்.

அவள் கணவன் கண்ணாடி போடுவதில்லை.

அன்று மாலை அவன் போன் பண்ணினான். ஸ்பிரிங் விஷயம் கேட்டான். மஞ்சள் புள்ளி சொல்லியிருப்பதாகச் சொன்னாள். அவன் சரி என்று சொல்லாமல், அது எவ்வளவு தாங்கும் என்று இரண்டு தடவை கேட்டான்.

“நீங்க ஒருத்தர்தானே போறீங்க, அதுக்குத் தாராளமா தாங்கும்னார்,” என்றாள்.



“ஆமா, நான் மட்டும்தான். ஏன் கேக்குற?”

“நான் எங்க கேட்டேன். சொன்னேன்.”

அவன் ரயில் அறிவிப்பு கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டான். அவன் ரயிலை விட்டு இறங்கியே இரண்டு நாள் ஆகிவிட்டது. எந்த ரயில் என்று அவள் யோசித்துக்கொண்டே நின்றாள்.

நாத்தனாருக்குப் போன் பண்ணினாள். கணவனின் அக்கா அவர். போன் ஒரு தடவை அடிப்பதற்குள் எடுப்பார், எடுத்தால் அரை மணிக்குக் குறைந்து விடமாட்டார். இவள் மகளின் பள்ளிக்கூடம், தன் முழங்கால்வலி என்று பேசிக்கொண்டே வந்தவரிடம், உங்கள் தம்பி மலைக்குத் தனியாகப் போவது பயமாக இல்லையா அண்ணி என்று சும்மா கேட்பது போலக் கேட்டாள். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று நாத்தனார் போனை வைத்தார். பால் பொங்கி முடிந்து திரும்பக் கூப்பிடுவார் என்று ஒரு மணி நேரம் பார்த்தாள். கூப்பிடவில்லை.

வியாழக்கிழமை கடையில் லென்ஸ் அறுக்கும் இயந்திரத்தின் முன்னால் இருந்தபோது ஸ்பிரிங்காரர் கூப்பிட்டார். அவள் கணவன் காலையில் அவரிடம் பேசியிருக்கிறான். முன்னால் மஞ்சள் வேண்டாம், சிவப்பு போடுங்கள் என்று சொல்லியிருக்கிறான்.

“எடை எவ்வளவு சொன்னார்?” என்று கேட்டாள்.

“ஓட்டுறவர் இல்லாம இன்னொரு ஆள். நூத்தி எட்டு கிலோ. எப்பவும் வண்டியில இருக்கும்னார்.” அட்டையைப் புரட்டும் சத்தம் கேட்டது. “நீங்க கொடுத்த சீட்டுல ஒருத்தர்னு இருந்துச்சும்மா. ரெண்டையும் ஒத்துப் பாத்துக்கலாம்னுதான் கூப்பிட்டேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். குரல் இறங்கிவிட்டது. சனிக்கிழமை காலை மாட்டப் போவதாகவும், கடைசி போல்ட்டுகளை ஆள் உட்கார்ந்த நிலையில்தான் முறுக்க வேண்டும் என்பதால் அந்த இன்னொருவரையும் கூட்டி வரச் சொல்லியிருப்பதாகவும் முணுமுணுத்துவிட்டு வைத்தார்.

நூற்று எட்டு. நூறு இல்லை, நூற்றுப் பத்து இல்லை. ஒருவருடைய எடை கிலோ கணக்கில் இன்னொருவருக்கு எப்படித் தெரியும்? தன் எடை அவனுக்குத் தெரியுமா என்று யோசித்துப் பார்த்தாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவன் கேட்டதே இல்லை. அன்று மத்தியானம் கடைக்கு வந்த பெண்களையெல்லாம் அவள் கண்ணாலேயே எடை போட்டுக்கொண்டிருந்தாள். கனமான ஒருத்தி உலோக ஃபிரேம் கண்ணாடியோடு உள்ளே வந்ததும், வந்தவளின் மூக்கையே பார்த்தாள். இரண்டு பட்டையும் இருந்தன. பக்கத்து அறைக் கண் டாக்டரம்மா, என்ன முகமெல்லாம் வெளிறிக் கிடக்கிறது என்று கேட்டார். சரியாகத் தூங்கவில்லை என்றாள். சனிக்கிழமை அரை நாள் லீவு கேட்டு வாங்கினாள்.

அவளுக்கு உறுத்தியது ஒன்றுதான். வீட்டில் தனியாகப் போகிறேன் என்று வாய் கூசாமல் சொன்னவன், ஸ்பிரிங் விஷயத்தில் மட்டும் பொய் சொல்லத் துணியவில்லை. அந்த இன்னொருவரின் எடைக்குக் கொடுக்கும் மரியாதையைத் தனக்குக் கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கணவன் வந்தான். குளித்தான், சாப்பிட்டான், மகளின் வரைபடப் புத்தகத்தைப் புரட்டினான். நாளைக்கு உனக்குக் கடை உண்டுதானே என்று மூன்று தடவை கேட்டான். மூன்று தடவையும் உண்டு என்றாள். மூன்றாவது தடவை சிரித்துக்கொண்டே சொன்னாள், அவனும் சிரித்தான். பார்க்கிறவர்களுக்கு அன்னியோன்யமான குடும்பம் என்று தோன்றியிருக்கும்.

சனிக்கிழமை பத்து மணிக்கு அவள் பட்டறை இருந்த தெருவில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். எதிரே பழைய டயர் கடை. ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்த டயர்களின் பக்கத்தில் நின்று பார்த்தாள். வண்டி ஸ்டாண்டுகளின் மேல் நின்றது. சக்கரங்களைக் கழற்றியிருந்தார்கள். உள்ளே மர பெஞ்சில் இரண்டு பேர் தெருவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒன்று கணவன். மற்றது பெஞ்சில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டிருந்த ஓர் ஆண்.

ஆண் என்று தெரிந்ததும் மனம் லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அந்தப் பிடரியை அவள் எங்கேயோ பார்த்திருக்கிறாள். கழுத்தே இல்லாமல் தோளோடு தலை ஒட்டியது போல, இரண்டு மடிப்பு விழுந்த பிடரி. அப்பாவின் பிடரி. அப்பா போய்ப் பதினைந்து வருஷமாகிறது.

தெருவைத் தாண்டி உள்ளே போனாள். செருப்புச் சத்தத்தில் இருவரும் திரும்பினார்கள். அது அவள் அண்ணன்.

நான்கு வருஷமாக அவள் அண்ணனோடு பேசுவதில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவசரமாக ஆபரேஷன் என்று டாக்டர்கள் சொல்ல, இவளைக் கேட்காமல் அண்ணன் கையெழுத்துப் போட்டான். அம்மா ஆபரேஷன் மேஜையிலேயே போய்விட்டாள். என்னைக் கேட்காமல் எப்படிப் போடலாம் என்று எல்லார் முன்னாலும் அவள் கத்தினாள். அதற்குப் பிறகு அவன் பேரை வீட்டில் எடுக்கக் கூடாது என்று கணவனிடம் சொல்லிவிட்டாள். அவனும் எடுத்ததில்லை. எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்திருந்தாள்.

அண்ணன் முகத்தில் கண்ணாடி ஏறியிருந்தது. அவன் கண்ணாடி போடுவதே அவளுக்குத் தெரியாது. அது ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. மூக்கின் இடது பக்கத்தில், பட்டை இல்லாத கம்பி அழுத்திச் சிவந்த தழும்பு.

“பாப்பா,” என்று எழுந்தான். பெஞ்ச் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது; கணவன் விழப் பார்த்தான்.

“எத்தனை நாளா?” என்று அவள் கணவனைக் கேட்டாள்.

“ரெண்டு வருஷமா.”

“வேற யாருக்குத் தெரியும்?”

அவன் தரையைப் பார்த்தான். “அக்காவுக்குத் தெரியும்.”

அப்படியானால் பால் பொங்கவே இல்லை.

அந்த நேரம் பார்த்து ஸ்பிரிங்காரர் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். கையில் கழற்றிய பழைய ஸ்பிரிங். மூன்று பேர் நிற்கும் நிலையைப் பார்த்ததும் திரும்ப உள்ளேயே போய்விடலாமா என்பது போல ஒரு கணம் நின்றார். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருக்கிற ஆள் இல்லை அவர்.

“அம்மா, அன்னிக்கு நான் பேசினது தப்பு,” என்றார். ஸ்பிரிங்கைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினார். அடிவளையம் பாதியில் முறிந்து, முறிந்த துண்டு தனியாக அவர் இன்னொரு கையில் இருந்தது. “இடது ஸ்பிரிங் அடியில உடைஞ்சிருக்கு. மண்ணு அப்பிக் கிடந்ததால வெளியே தெரியல. பதினெட்டு மில்லி இதால வந்தது. ஆள் உக்காந்ததால இல்ல. பழைய முறிவு, உள்ளே துரு பிடிச்சிருக்கு பாருங்க. நல்லவேளை, முனை நழுவி டயரைக் கிழிக்காம இருந்துச்சு.”

அவள் முறிந்த துண்டை வாங்கிப் பார்த்தாள். அவள் பிடித்துக்கொண்டு வந்த நூல் வேறெங்கோ போகிற நூல். பொய்யான தடயத்தை வைத்துக்கொண்டு உண்மையான இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள். அதில் அவளுக்கு ஒரு நிம்மதியும் இல்லை.

“இது எப்ப உடைஞ்சது?” என்று கணவனைக் கேட்டாள்.

அவன் சொன்னான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மழையில் மூன்றாவது நிலையத்திலிருந்து இறங்கும்போது வண்டி வழுக்கியது. இடது முன்சக்கரம் ஒரு பாறையில் மோதி, அந்தரத்தில் தொங்கி நின்றது. அந்தப் பக்கம் கீழே ஒன்றுமில்லை, அசைந்தால் வண்டி சாய்ந்துவிடும். நான்கு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு வீட்டில் பஞ்சர் என்று சொன்னான். அடுத்த வாரம் ஏறினான். இறக்கத்தைப் பார்த்ததும் கால் பிரேக்கை விட்டு வரவில்லை. அலுவலகத்தில் சொன்னால் மலை வேலையை எடுத்துவிட்டு மேஜையில் உட்கார வைத்துவிடுவார்கள். இருபது வருஷம் லாரி ஓட்டிய அவள் அண்ணனைத் தவிர, அந்த இறக்கத்தை நம்பிக் கொடுக்க அவனுக்கு வேறு ஆள் தெரியவில்லை. ஏறும்போது இவன் ஓட்டுவான், இறங்கும்போது அண்ணன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஏற்றிக்கொண்டு, அங்கேயே இறக்கிவிடுவான்.

“என்கிட்ட சொல்றதுக்கென்ன?”

“மச்சான் பேரை எடுத்தா உனக்கு ரெண்டு நாள் சோறு இறங்காது. நான் கால் நடுங்குதுன்னு சொல்லணும், அப்புறம் அவர் பேரையும் சொல்லணும். ரெண்டுல ஒண்ணுகூட வாய்க்கு வரல.”

அவன் சொன்னது நிஜமா, இப்போது ஜோடித்ததா என்று அவள் அவன் முகத்தையே பார்த்தாள். ஒரு வாரமாகச் சந்தேகப்பட்ட கண், ஒரே பேச்சில் சரியாகிவிடுமா? கால் நடுக்கத்தையும் அவள் முழுக்க நம்பவில்லை.

ஸ்பிரிங்காரர் தொண்டையைச் செருமினார். மேஜையின் மேல் இரண்டு பெட்டிகள் பிரிக்காமல் இருந்தன. ஒன்றில் மஞ்சள், ஒன்றில் சிவப்பு. “ரெண்டு பேரும் ரெண்டு எடை சொன்னீங்க. அதான் நான் எதையும் பிரிக்கல. ஆர்டர் உங்க பேர்ல இருக்கும்மா. எதைப் போடட்டும்?”

அண்ணன் கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, மறுபடி கோணலாகவே மாட்டிக்கொண்டான். நான் இனிமே வரல பாப்பா, மஞ்சளே போடச் சொல்லு என்று மெல்லச் சொன்னான்.

அவள் பெட்டிகளைப் பார்த்தாள். மஞ்சள் போட்டால் கணவன் தனியாகப் போக வேண்டும். சிவப்பு போட்டுவிட்டு அண்ணன் வராமல் போனால் வண்டி குதிக்கும், இறக்கத்தில் பிடி இருக்காது. இவர்களுடைய கோபதாபம் எதுவும் அந்த இரும்புக்குத் தெரியாது.

“சிவப்பே போடுங்க,” என்றாள். “ரெண்டு பேர்தான் போவாங்க.”

வேலை முடிய மூன்று மணி நேரமானது. ஸ்பிரிங்காரர் புது ஸ்பிரிங்குகளை உட்கார வைத்து, நீளமான ஷாக் அப்சார்பர் போட்டு, பிரேக் ஹோஸ் இழுபடாமல் வருகிறதா என்று சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தார். பிறகு இரண்டு ஆண்களையும் முன்னால் உட்காரச் சொல்லி, வண்டியைத் தரையில் இறக்கி, கடைசி போல்ட்டுகளை முறுக்கினார். மறுபடி அளந்தார். இடதும் வலதும் சமம். அட்டையை அவளிடம்தான் காட்டினார். ஒரு மேடு பள்ளத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

அண்ணன் ஓட்டினான். கணவன் இடது பக்கம். அவள் பின்னால், கருவிப்பெட்டியோடு. வண்டி உயர்ந்திருந்ததால் தெருவில் நடப்பவர்களின் தலை உச்சி தெரிந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கல் பெயர்ந்த ஒரு பழைய பாதை கீழே இறங்கியது. அண்ணன் முதல் கியருக்கு மாற்றி, பிரேக்கைத் தொடாமல் இறக்கினான். அவள் கணவனின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு மேலிருந்த பிடியை அவன் பிடித்திருந்த பிடியில் விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. கழுத்தோரம் வியர்த்து ஒழுகியது. பத்தடி இறக்கம்தான். இந்த அளவுக்கு நடிக்க யாராலும் முடியாது.

இத்தனை நாள் இவனைப் பற்றித் தனக்கு எல்லாம் தெரியும் என்று இருந்தோமே என்று நினைத்தாள். அந்த நினைப்பு அங்கே நிற்காமல், தன் பக்கமே திரும்பி வந்தது. பாதை சமமானதும் அண்ணன் வண்டியை நிறுத்தினான். யாரும் இறங்கவில்லை.

“அன்னிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஆறு தடவை கூப்பிட்ட,” என்றாள் அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டு.

“ஆமா.”

“போன் கடை லாக்கர்ல இருந்ததுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்.”

அண்ணன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான்.

“கையிலதான் இருந்துச்சு. முதல் ரெண்டு தடவை நான்தான் கட் பண்ணேன். ஆஸ்பத்திரியில இன்னிக்கு யார் தங்குறதுன்னு சண்டைக்குத்தான் நீ கூப்பிடுறியோன்னு நினைச்சேன். அப்புறம் சத்தத்தைக் குறைச்சு வச்சுட்டேன்.”

“தெரியும் பாப்பா.”

“எப்படித் தெரியும்?”

“அடிச்சு அடிச்சு ஓயறது வேற. கட் பண்ணா பாதியிலயே நிக்கும்ல.” அவன் திரும்பிப் பார்க்காமலே சொன்னான். “டாக்டர் பேனாவை நீட்டிக்கிட்டு நின்னார். நான் போட்டுட்டேன்.”

நான்கு வருஷம் அவள் அவனை ஊரறியத் திட்டியிருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் வாயை அடைத்திருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். சொல்லி என்ன ஆகப் போகிறது, அம்மாதான் போயாச்சு, நீ யாரையாவது திட்டிக்கிட்டாவது இருன்னு விட்டுட்டேன் என்றான். அவளுக்கு அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. கணவன் முன்கண்ணாடி வழியே நேரே பார்த்துக்கொண்டிருந்தான். இது அவனுக்கு முன்பே தெரியுமா, தெரியாதா என்று அவன் காதோரத்திலிருந்து அவளால் படிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு கேட்டாள். வண்டியில் நாங்கள் பேசுவதெல்லாம் பாதையைப் பற்றித்தான் என்றான். அதை அவள் முக்கால்வாசி நம்பினாள்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. நாத்தனாரோடு ஒரு மாதம் அவள் பேசவில்லை. தனக்குத் தெரியாமல் இன்னும் என்னென்ன இருக்கிறது என்று மகளைக்கூட ஓரக்கண்ணால் பார்த்தாள். ஆனால் ஒன்றில் உறுதியாக நின்றாள். வீட்டில் மறைத்தது முடிந்தது, அலுவலகத்தில் மறைத்துக்கொண்டு அந்தப் பாதையில் இரண்டு பேரும் ஏறக் கூடாது. கணவன் கெஞ்சிப் பார்த்தான், கோபப்பட்டுப் பார்த்தான். கடைசியில் தானே எழுதிக் கொடுத்தான். அலுவலகத்தில் இரண்டு வாரம் கோப்பை இழுத்தடித்தார்கள், மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், விதியை மீறியதற்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்தார்கள். பிறகு, அந்தப் பாதையில் போக வேறு யாரும் முன்வராததால், உதவி ஓட்டுநர் ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தார்கள்.

அனுமதி வந்த வாரம் அண்ணன் முதல் முறையாக வீட்டு வாசலுக்கு வந்தான். உள்ளே வரவில்லை, அவளும் வற்புறுத்தவில்லை. கேட்டருகே நின்றபடியே டீ குடித்துவிட்டு, டம்ளரைச் சுவர் மேல் வைத்தான். மாமா ஏன் உள்ளே வரமாட்டேங்கிறாங்க என்று மகள் கேட்டாள். அடுத்த வாரம் வருவாங்க என்று சொன்னாள், அப்போது தோன்றியதை.

ஒரு நாள் அலுவலகத்தில் அனுமதி கேட்டு, கடைக்கு லீவு போட்டுவிட்டு அவளும் மலைக்குப் போனாள். மூன்றாவது நிலையத்தில் கணவன் புனலிலிருந்து சருகை அள்ளி, வலையைத் துடைத்து, எண்களைக் குறித்துக்கொண்டான். அங்கே அவன் கை ஒரு துளி நடுங்கவில்லை. வேலை முடிந்ததும் சாவியை அண்ணனிடம் கொடுத்துவிட்டு இடது பக்கம் வந்து ஏறினான். பின்னால் இருந்த அவளைத் திரும்பிப் பார்த்தான்.

“நான் இங்கேருந்து கீழ போற வரைக்கும் கண்ணை மூடிக்குவேன். ஏன் மூடிக்கிட்டேன்னு கேக்காத,” என்றான்.

“சரி,” என்றாள்.

அண்ணன் கியரைப் போட்டான். கணவன் கண்ணை மூடிக்கொண்டான். வண்டி மூக்கைக் கீழே சாய்த்து இறங்கத் தொடங்கியது.